மசோதா பற்றி முதலாளி வாய் திறக்கலாமா?

ஓசூர் சிப்காட் பகுதியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தும் ஒருவரிடமிருந்து வந்த நீண்ட கடிதம் இது. பெயரையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அவர்தான் நிர்வாக இயக்குநர். ஓசூரில் ஒரு யூனிட், எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவில் இன்னொன்று. பொம்மசந்திராவில் மெஷின் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஒடிசா, பீகார் பக்கத்து ஆட்கள். சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் கன்னடர்கள். 2024 ஜூலையில், தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு இடஒதுக்கீடு தரும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தி வந்ததும் லிங்க்ட்இனில் காரமாக ஒரு பதிவு போட்டிருக்கிறார். தம்பி போனில் சத்தம் போட்டதும் எடுத்துவிட்டார். மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அது திரும்ப வரும் என்ற பேச்சு அவர்கள் வட்டாரத்தில் ஓயவில்லையாம். இப்போது ஒரு தொலைக்காட்சி அவரை விவாதத்துக்குக் கூப்பிடுகிறது. அவர் உறுப்பினராக உள்ள தொழில்முனைவோர் சங்கம் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கப் பங்குத்தொகை கேட்கிறது.

அவருடைய வார்த்தைகளிலேயே கொஞ்சம்: “தம்பி, ‘நமக்கு எதுக்குண்ணா அரசியல்? கரன்ட்டு கனெக்‌ஷன்ல ஆரம்பிச்சு பொல்யூஷன் போர்டு வரைக்கும் அவங்ககிட்டதான் போய் நிக்கணும்’ என்கிறான். பெங்களூரில் படிக்கும் மகள், ‘பேசாம இருந்தா ஒத்துக்கிட்டதாத்தானேப்பா அர்த்தம்’ என்கிறாள். பல வருடமாக எங்களோடு இருக்கும் கன்னட சூப்பர்வைசர் அந்தப் பதிவை எப்படியோ பார்த்துவிட்டு, ‘சார், நாங்க உங்களுக்கு ஆகாதவங்களா?’ என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. 2023இல் வேலை நேரத் தளர்வு கேட்டு எங்கள் சங்கம் தமிழக அரசுக்குக் கொடுத்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி நாங்கள் யாரும் வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இது வேறு, என் தொழிலாளிகளின் பிழைப்பு. ஒரு கம்பெனியை நடத்துகிறவன் சட்டத்தைப் பற்றிப் பேசலாமா? ‘என் சொந்தக் கருத்து’ என்று சொல்லிவிட்டுப் பேசினால் கம்பெனிக்குப் பாதுகாப்பா? பயோகான் நிறுவனர் கிரண் மஜும்தார் ஷா பேசியதால்தானே அந்த மசோதா நின்றது?”

அன்புள்ள ஐயா,

தயக்கத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். நீங்கள் பேசலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில், நினைக்கும் விதத்தில் அல்ல.

முதலில், கேள்வியையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. பேசுவதா, பேசாமல் இருப்பதா என்று கேட்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. அரசு விரும்பினால் எந்தத் தொழிற்சாலைக்கும் வேலை நேரம், ஓய்வு, கூடுதல் நேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ‘12 மணி நேர வேலைச் சட்டம்’ என்று ஊரெல்லாம் பேசப்பட்டது அதுதான். அதற்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, நெகிழ்வான வேலை நேரம் வேண்டும் எனத் தொழில் அமைப்புகள் தொடர்ந்து கேட்டுவருகின்றன என்பது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் போராட்டம் அறிவித்தன, சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்த பல குரல்களில் உங்கள் கையெழுத்தும் ஒன்று. அறைக்குள் சொன்னீர்கள், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நெகிழ்வான நேரம் கேட்பது குற்றமில்லை. ஆர்டர் வரும் மாதமும் வராத மாதமும் எவ்வளவு வேறுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ‘இது வேறு’ என்று நீங்கள் எழுதிய வரியை உங்கள் தொழிலாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதுவும் அவர்கள் பிழைப்பு பற்றிய சட்டம்தான். கம்பெனிகள் சட்டங்களைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உறுத்தலே இல்லை. மூடிய அறைக்குள் ஒன்றைக் கேட்டுவிட்டு, மேடையில் வேறொன்றுக்காகக் குரல் கொடுப்பதுதான் உறுத்துகிறது. கம்பெனி விவகார அமைச்சகம் 2019இல் வெளியிட்ட பொறுப்பான தொழில் நடத்தைக்கான தேசிய வழிகாட்டு நெறிகளில் ஏழாவது, அரசின் கொள்கையில் செல்வாக்குச் செலுத்த முயலும் நிறுவனங்கள் அதைப் பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்ய வேண்டும் என்கிறது. பங்குச்சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள் இதுபற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். உங்களைப் போன்ற பிரைவேட் லிமிடெட் கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அளவுகோல் அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உரிமை யாருக்கு, உங்களுக்கா கம்பெனிக்கா?

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும். கம்பெனி குடிமகன் அல்ல என்று ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழக்கில் 1963இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 1972இல், செய்தித்தாள் காகித ஒதுக்கீடு தொடர்பான பென்னட் கோல்மன் வழக்கில், பங்குதாரர்களும் ஆசிரியர்களும் கம்பெனி வழியாகப் பேசுவதாலேயே அவர்கள் உரிமை போய்விடாது என்றது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நிறுவனத்துக்கே பேச்சுரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. அதனால் அங்கே நடப்பதைப் பார்த்து இங்கே அப்படியே கணக்குப் போட முடியாது. உங்களைப் பொறுத்தவரை, ஒரு மசோதா தவறு என்று சொல்லும் உரிமை உங்களுக்குக் குடிமகனாக முழுமையாக உண்டு. நிர்வாக இயக்குநர் ஆனதால் அது ஒரு இம்மியும் குறையவில்லை.

குறையாவிட்டாலும், கூடவே ஒரு கடமை வந்து சேர்ந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர் நல்லெண்ணத்தோடு கம்பெனியின் நலனுக்காகச் செயல்பட வேண்டும் என்கிறது. பங்குதாரர் நலனோடு அது நிற்பதில்லை. ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் என்று வரிசையாகச் சொல்கிறது. உங்கள் தம்பி இந்தப் பிரிவைப் படித்திருந்தால் ‘நமக்கு எதுக்கு அரசியல்’ என்று அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க மாட்டார். ஊழியர்களை நேரடியாகப் பாதிக்கும் ஒரு சட்டத்தைப் பற்றி யோசித்து, தேவைப்பட்டால் கருத்துச் சொல்வது இயக்குநரின் வேலைக்கு உட்பட்டதுதான். அதே பிரிவு, உரிய கவனத்தோடும் சுயமான தீர்மானத்தோடும் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. செய்தி வந்த சூட்டில், மசோதாவின் வாசகத்தைப் பார்க்காமல் போட்ட பதிவு அந்தக் கவனத்தில் சேராது. அந்த இடத்தில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது.

‘என் சொந்தக் கருத்து’ என்ற வரி

இதை நம்பிவிடாதீர்கள். அதே 2024 ஜூலையில் போன்பே நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சமீர் நிகம், அப்பா கடற்படையில் இருந்ததால் ஊர் ஊராக வளர்ந்தவர் தான் என்றும், இந்த மசோதாவின்படி தன் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் வேலை கிடையாதா என்றும் கேட்டு எக்ஸ் தளத்தில் எழுதினார். தன் குடும்பத்தைப் பற்றிய வருத்தமாகத்தான் அதை எழுதினார். எதிர்ப்பு அவருடைய கம்பெனி மீது திரும்பியது. செயலியைப் போனிலிருந்து நீக்குங்கள் என்ற பிரசாரம் கிளம்பியது. சில நாட்களில் அவர் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டார். சட்டப்படி தனி மனிதனும் கம்பெனியும் வேறு வேறு என்பது உண்மை. வாசலில் வந்து நிற்கும் கூட்டத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை.

சட்டரீதியாக நீங்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, மொழியையோ பிறந்த ஊரையோ வைத்து மக்களிடையே பகை வளர்ப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் குற்றம், மூன்றாண்டு வரை சிறை. ‘உள்ளூர் ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள்’ என்பது போன்ற ஒரு வாக்கியம், டீக்கடையில் சாதாரணமாகக் காதில் விழுவது, கேமரா முன்னால் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் நீதிமன்றம் விடுவிக்கலாம். அதுவரை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடப்பது நீங்கள்தான். இரண்டாவது, பெயர் சொல்லி ஒரு அமைச்சர் காசு வாங்கிவிட்டார் என்கிற மாதிரிப் பேசினால் அவதூறு, 356ஆம் பிரிவு. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: மசோதாவை விமர்சிக்கலாம், ஆனால் அவைக்குள் ஒரு உறுப்பினர் பேசியதற்கோ வாக்களித்ததற்கோ உள்நோக்கம் கற்பித்தால் உரிமை மீறல் பிரச்சினையாக மாறலாம். சட்ட வாசகத்தைப் பேசுங்கள், ஆளைப் பேசாதீர்கள்.

அந்த மூன்று நாட்களில் நடந்தது என்ன?

கிரண் மஜும்தார் ஷா பேசியதால்தான் மசோதா நின்றது என்பது பாதி உண்மை. அமைச்சரவை ஒப்புதல் ஜூலை 15. ஷா எழுதியது, இன்ஃபோசிஸின் முன்னாள் நிதித் தலைவர் மோகன்தாஸ் பாய் எழுதியது, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் அமைப்பான நாஸ்காம் நிறுவனங்கள் வெளியேற நேரிடலாம் என்று அறிக்கை விட்டது, ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ் ‘விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள்’ என்று அழைப்பு வைத்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 17ஆம் தேதியே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு துறையே, அதுவும் அந்த மாநிலத்தின் அடையாளமாகிவிட்ட துறை, ஒரே நேரத்தில் அசைந்ததன் விளைவு அது. பொம்மசந்திராவில் உள்ள ஒரு யூனிட்டின் குரலுக்கு அந்தக் கனம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனாலும் அந்தப் பேச்சுகளில் நீங்கள் பார்க்க வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. பாய், மசோதா பாகுபாடானது, பிற்போக்கானது, அரசியலமைப்புக்கு எதிரானது என்று சாடினார். ஷா, உள்ளூர் மக்களுக்கு வேலை தரும் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு, உயர்திறன் பணிகளுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றார். இரண்டாவது தொனியோடு அரசு பேச்சுவார்த்தைக்கு உட்கார முடியும். அதே சமயம் ஷா கேட்ட விலக்கு உங்களுக்கு உதவாது! உயர்திறன் வேலைக்கு விலக்குக் கொடுத்தால் மென்பொருள் நிறுவனங்கள் நிம்மதியாகிவிடும். உங்கள் லேத் ஆபரேட்டர், வெல்டர் வேலைகள் அப்படியே ஒதுக்கீட்டுக்குள் இருக்கும். பெரியவர்கள் பேசுவது தங்கள் தேவைக்கு. சிறு, நடுத்தரத் தொழிலின் நிலைமையைச் சொல்ல அந்த வரிசையில் ஆள் குறைவு. நீங்கள் பேச வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பேசுவதற்கு முன் வாசகத்தைப் படியுங்கள். இருபது வருடமாக அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எப்படியும் உள்ளூர்க்காரர்களாகிவிடுவார்கள் என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2024 வரைவில் அப்படி இல்லை. கர்நாடகத்தில் பிறந்து, பதினைந்து ஆண்டுகள் அங்கே வசித்து, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்தான் உள்ளூர்க்காரர். பள்ளியில் கன்னடம் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் தேர்வு. கிருஷ்ணகிரியில் பிறந்தவர் முப்பது வருடம் பொம்மசந்திரா பக்கத்து ஆனேக்கல்லில் இருந்தாலும் அதில் வரமாட்டார். அங்கே பிறந்த அவருடைய மகன் வரலாம். நிர்வாகப் பணிகளில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம். தகுதியானவர்கள் கிடைக்காவிட்டால் மூன்று ஆண்டுக்குள் பயிற்சி தந்து எடுக்க வேண்டும், தளர்வு கேட்டாலும் நிர்வாகப் பணிகளில் 25 சதவீதத்துக்கும் மற்றவற்றில் 50 சதவீதத்துக்கும் கீழே போக முடியாது. இந்த விவரங்களில் எது உங்கள் யூனிட்டைக் கடிக்கும், எது கடிக்காது என்று உங்கள் மஸ்டர் ரோலை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டை, வைத்துக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். புதிதாக ஒரு வரைவு வந்தால் அதன் வாசகமும் மாறியிருக்கும். அப்போதும் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் சூப்பர்வைசரின் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நிலமும் தண்ணீரும் எங்களுடையது, வேலை மட்டும் எங்களுக்கு இல்லையா என்பது 1980களில் கன்னடர்களுக்கான வேலைவாய்ப்பை ஆராயச் சரோஜினி மகிஷி குழு அமைந்த காலத்திலிருந்தே அங்கே கேட்கப்படும் கேள்வி. இங்கேயும் அதே கேள்வி இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுகவின் அறிக்கையே, தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கு எனச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. அப்படி ஒரு சட்டம் உங்கள் ஓசூர் யூனிட்டுக்கு வந்தால், இதே குரலில், இதே சத்தத்தில் எதிர்ப்பீர்களா? அதற்கு ‘ஆமாம்’ என்று உங்களால் மனசாரச் சொல்ல முடிந்தால் பேசுங்கள். முடியாது என்றால் நீங்கள் எதிர்ப்பது சட்டத்தின் கொள்கையை அல்ல. அதை முதலில் உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகள்

உங்கள் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பேசாமல் இருப்பதற்கும் விலை உண்டு. ஆனால் அவர் நினைப்பதைவிடச் சிக்கலான விஷயம் அது. 2021 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலம் வாக்களிப்பு விதிகளை இறுக்கி ஒரு சட்டம் போட்டது. அட்லாண்டாவைத் தலைமையகமாகக் கொண்ட டெல்டா விமான நிறுவனம் முதலில், சட்டம் முன்னைவிடத் தேவலை என்கிற தொனியில் மென்மையாக ஒரு அறிக்கை விட்டது. வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் கொதித்தார்கள். பல நிறுவனங்களின் கறுப்பின மேலதிகாரிகள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் வெளியிட்ட அதே நாளில், டெல்டாவின் தலைமை நிர்வாகி எட் பாஸ்டியன் அந்தச் சட்டத்தை ஏற்க முடியாது என்று எழுதினார். அன்றே மாநிலத்தின் கீழவை விமான எரிபொருள் வரிச் சலுகையை ரத்து செய்ய வாக்களித்தது. மேலவை அதை எடுத்துக்கொள்ளாததால் கம்பெனி தப்பியது. சட்டமோ அப்படியே இருந்தது.

அடுத்த ஆண்டு புளோரிடாவில் டிஸ்னி. பள்ளி வகுப்புகளில் பாலினம், பாலியல் நாட்டம் பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் மசோதாவைப் பற்றித் தலைமை நிர்வாகி பாப் சாபெக் முதலில் பகிரங்கமாக எதுவும் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் பேசினால் பலன் அதிகம் என்பது அவர் வாதம். மசோதாவை ஆதரித்த அரசியல்வாதிகளுக்கும் டிஸ்னி நன்கொடை கொடுத்திருந்தது தெரியவந்ததும் ஊழியர்கள் கொதித்தார்கள். பிறகு அவர் எதிர்ப்புத் தெரிவித்தார், மன்னிப்பும் கேட்டார், அந்த மாநிலத்தில் அரசியல் நன்கொடைகளை நிறுத்தினார். ஆளுநர் டிசாண்டிஸ் தரப்பு சும்மா இருக்கவில்லை. டிஸ்னி பூங்காக்கள் இருந்த தனி நிர்வாக மாவட்டத்தை அதன் கையிலிருந்து பிடுங்கிச் சட்டம் போட்டது. வழக்கு நடந்து 2024 மார்ச்சில்தான் சமரசம் ஆனது.

இந்த இரண்டிலும் ‘பேசியதால் அடி வாங்கினார்கள், ஆகவே வாயை மூடு’ என்று உங்கள் தம்பி படித்துக்கொள்வார். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். இரண்டு கம்பெனிகளும் முதலில் ஒன்றைச் சொல்லி, நெருக்கடி வந்ததும் வேறொன்றைச் சொன்னவை. அதனால் இரண்டு பக்கமும் நம்பிக்கை இழந்தார்கள். டிஸ்னியின் காசு ஒரு பக்கம் போயிருக்க, வாய் இன்னொரு பக்கம் பேசியது. உங்கள் 2023 மனுவை நான் திரும்பத் திரும்ப எடுப்பது இதனால்தான். நாளைக்கு நீங்கள் தொலைக்காட்சியில் தொழிலாளர் நலன் பேசும்போது யாராவது அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? நம் நாட்டிலேயே வேறொரு உதாரணம்: 2019 நவம்பர் 30 அன்று மும்பையில் ஒரு விருது விழாவில், மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா மேடையில் இருக்கும்போதே, அரசை விமர்சிக்கத் தொழிலதிபர்கள் பயப்படுகிறார்கள் என்று ராகுல் பஜாஜ் சொன்னார். அவர் பேச்சோடு எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே, தன் பெயரில், ஒரே தடவை சொன்னார். பயப்படத் தேவையில்லை என்று அமித் ஷாவும் அங்கேயே பதில் சொன்னார். எனக்கு அந்த வகைப் பேச்சின் மேல் மரியாதை உண்டு.

விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கலாமா?

இங்கே மிகவும் கவனம் வேண்டும். நீங்கள் பேசுவது வேறு, கம்பெனிப் பணம் பேசுவது வேறு. கம்பெனிச் சட்டத்தின் 182ஆம் பிரிவு அரசியல் நன்கொடையைக் கட்டுப்படுத்துகிறது. கட்சிக்கு நேரடியாகக் கொடுப்பதோடு அது நிற்பதில்லை. ஒரு கட்சிக்கான மக்கள் ஆதரவைப் பாதிக்கும் என்று நியாயமாகக் கருதக்கூடிய வேலையைச் செய்யும் ஒருவருக்குக் கொடுப்பதும் அரசியல் நோக்கத்துக்கான பணமாகவே கொள்ளப்படலாம். போர்டு தீர்மானம் வேண்டும், கணக்கில் காட்ட வேண்டும். மீறினால் கொடுத்த தொகையைப்போல ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை. மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற உச்சவரம்பை 2017இல் எடுத்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் செல்லாது என்றது. வரம்பில்லாத கம்பெனிப் பணம் தேர்தலைக் கெடுக்கும் என்ற கவலை அந்தத் தீர்ப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது.

மசோதாவின் குறைகளை மட்டும் எடுத்துச் சொல்லி, மாற்று யோசனை வைக்கும் விளம்பரம் இந்தப் பிரிவில் சிக்காது என்பது என் அபிப்பிராயம். ஆளும் கட்சியைச் சாடும் வாசகமோ, தேர்தல் நெருங்கும் நேரமோ சேர்ந்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். எனவே விளம்பரத்தின் இறுதி வாசகத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

என் யோசனை

தொலைக்காட்சி விவாதத்துக்குப் போகாதீர்கள். மூன்று பேர் கத்தும் நடுவில் உங்கள் மஸ்டர் ரோல் கணக்கை யாரும் கேட்கப்போவதில்லை. ‘தமிழ் முதலாளி, கன்னடருக்கு எதிராக’ என்ற ஒரு வரி மட்டும் கீழே ஓடும்.

எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே இந்த மசோதாவால் உங்களுக்கு நஷ்டம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொந்த லாப நஷ்டத்தை மறைக்காமல் பேசுகிறவரை மக்கள் சந்தேகப்படுவது குறைவு. பொம்மசந்திராவில் எந்தெந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கவில்லை, ஏன் என்று உங்கள் அனுபவத்தை மட்டும் எழுதுங்கள். பிறகு நீங்கள் செய்யத் தயாராக இருப்பதைச் சொல்லுங்கள்: ஆனேக்கல் பக்கத்து ஐடிஐ மாணவர்களை ஆண்டுக்கு இத்தனை பேர் அப்ரென்டிஸாக எடுப்பது போல, உங்களால் நிறைவேற்ற முடிந்த ஒன்று. அது இல்லாமல் வெறும் எதிர்ப்பாக எழுதினால் உங்கள் சூப்பர்வைசருக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றுதான் ஆகும். கன்னடத்திலும் எழுதிக் கொடுங்கள். அந்த மொழிபெயர்ப்பை அவரிடமே காட்டித் திருத்தம் கேளுங்கள், கட்டாயப்படுத்தாமல். ஊழியர் யாரையும் அதைப் பகிரவோ கையெழுத்திடவோ சொல்லக் கூடாது. சம்பளம் கொடுப்பவர் ‘விருப்பம் இருந்தால்’ என்று கேட்டாலும் அது விருப்பமாக இருக்காது.

அந்த மனுவைத் தொழில் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்புங்கள். அனுப்பிய அன்றே உங்கள் கம்பெனி இணையதளத்திலும் போட்டுவிடுங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற பேச்சுக்கே இடமிருக்காது. முடிந்தால் 2023 மனுவைப் பற்றியும் அதில் இரண்டு வரி எழுதுங்கள்: எதற்காகக் கையெழுத்திட்டீர்கள், இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள். கஷ்டமாக இருக்கும். ஆனால் வேறொருவர் அதை வெளியே எடுப்பதைவிட நீங்களே எடுப்பது நல்லது.

மசோதா சட்டமாகிவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. மாதம் 30,000 ரூபாய் வரையிலான தனியார் வேலைகளில் 75 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை, பரிதாபாத் தொழில் அமைப்பு உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்ததால், 2023 நவம்பர் 17 அன்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போனது. அதனால் ‘எப்படியும் கோர்ட் அடித்துவிடும்’ என்று மெத்தனமாக இருக்கவும் வேண்டாம், ‘எல்லாம் முடிந்தது’ என்று பதறவும் வேண்டாம். அந்த வழி தேவைப்பட்டால் தனியாகப் போகாமல் சங்கத்தின் பெயரில் போங்கள். செலவும் பகையும் பங்கிடப்படும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் இரண்டு காகித வேலைகள். பெரிய வாடிக்கையாளர்களோடு போட்ட சப்ளை ஒப்பந்தங்களில், அவர்கள் பெயரோ ஆர்டர் விவரமோ வெளியே வரக் கூடாது என்ற ஷரத்து இருக்கும்; உங்கள் மனுவில் அவை தப்பித்தவறிக்கூட வராமல் பாருங்கள். அடுத்தது, தம்பியோடு முறையாக ஒரு போர்டு கூட்டம். மனுவின் வரைவை அவர் முன் வையுங்கள், அவருடைய ஆட்சேபம் என்னவோ அதையும் மினிட்ஸில் பதியுங்கள். அனுமதி, லைசென்ஸ், மின் இணைப்பு என்று அவர் பயப்படுவது கற்பனை இல்லை. நிலுவையில் உள்ள விண்ணப்பங்களைப் பட்டியலிட்டு, ஆவணங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று இருவரும் சேர்ந்து சரிபாருங்கள். நாளைக்கு யாராவது ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்குக் கையில் எல்லாம் இருக்க வேண்டும். அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை என்றால் கம்பெனி லெட்டர்ஹெட்டில் அனுப்பாதீர்கள். பாதிப் பங்கு அவருடையது. உங்கள் வீட்டு முகவரியில், உங்கள் கையெழுத்தில் அனுப்புங்கள். மேலே சொன்ன ஆபத்துகள் அப்போதும் இருக்கும், தெரிந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கத்துக்கு மட்டும் பதிலைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இறுதி வாசகத்தையும் வெளியாகும் தேதியையும் பார்க்காமல் பங்குத்தொகை தர இயலாது, பார்த்த பிறகு போர்டில் வைத்து முடிவு சொல்கிறோம் என்ற இரண்டு வரி போதும்.